சட்டையின் உட்புறம் சொல்லும் வரலாறு



வேலைக்கு மனுப்போட்டு நேர்முகத் தேர்வுக்குப் போகும் மகனுக்கு ஒரு நல்ல வெள்ளைச் சட்டை வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடையில் இரண்டு சட்டைகள் அருகருகே தொங்குகின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விலையோ ஒன்றைவிட மற்றது இரண்டு மடங்கு. மலிவான சட்டை நான்கு சலவையில் நைந்துபோனால் அதுவே நமக்கு அதிக விலையாகிவிடும். விலை கூடிய சட்டை பெயருக்கும் பளபளப்புக்குமே விலை கூடியிருந்தால் அதுவும் நட்டமே. எதை எடுப்பது?

இதற்கு விடை சட்டையின் வரலாற்றிலேயே இருக்கிறது. சட்டையின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தொல்லையைத் தீர்ப்பதற்காக வந்து சேர்ந்தது. அந்தத் தொல்லை எது என்று அறிந்தால், அந்தப் பகுதியைச் சோதிக்கும் முறையும் தெரிந்துவிடும்.

எகிப்து நாட்டில் தர்கான் என்னும் இடத்துக் கல்லறை ஒன்றில் 1913ஆம் ஆண்டு ஒரு துணிக் குவியல் கிடைத்தது. அதனுள் கை வைத்துத் தைத்த லினன் உடை ஒன்று இருந்தது. அதன் வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல் என்பதை 2016இல் வெளிவந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. சட்டையின் முன்னோர் அத்தனை பழைமையானவர்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் சட்டை என்பது உள்ளாடையாகவே இருந்தது. மேலங்கியை அடிக்கடி துவைக்க இயலாது. ஆகவே உள்ளே இருந்து வியர்வையை வாங்கிக்கொள்வதும், அடிக்கடி சலவைக்குப் போவதும் சட்டையின் கடமை ஆயின. வியர்வையை வாங்க வேண்டும், சலவையைத் தாங்க வேண்டும். இன்றைக்கும் நல்ல சட்டைக்கு இலக்கணம் இவை இரண்டே.

முதலில் தையலைப் பார்ப்போம். அமெரிக்கரான எலியாஸ் ஹோ 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். கையால் தைத்தால் 14 மணி நேரத்துக்கு மேல் பிடித்த ஓர் ஆண் சட்டை, இயந்திரத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் வேகம் வந்தபோது ஓர் ஆசையும் வந்தது. தையலை நீட்டி நீட்டிப் போட்டால் இன்னும் விரைவில் முடியும் அல்லவா? எனவே சட்டையின் தையலை அங்குலக் கணக்கில் எண்ணிப் பாருங்கள். நல்ல சட்டையில் ஓர் அங்குலத்துக்கு 16 முதல் 20 தையல்கள் இருக்கும். மலிவான சட்டையில் 10, 12 தான் இருக்கும். பிறகு சட்டையை உட்புறமாகத் திருப்புங்கள். துணியின் ஓரம் உள்ளே மடிக்கப்பட்டு, இரட்டைத் தையலால் மூடப்பட்டிருந்தால் பிசிறு பிரியாது.

அடுத்தது காலர். அழுக்கு முதலில் ஏறுவதும், முதலில் நைவதும் அங்கேதான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் ஹன்னா மாண்டேக் என்னும் இல்லத்தரசி, 1827இல் கணவரின் சட்டைக் காலரைத் தனியே வெட்டி எடுத்து, துவைத்து, மீண்டும் பொருத்தினார் என்பர். காலருக்காகச் சட்டை முழுவதையும் துவைக்கும் வேலை மிச்சமாயிற்று. அந்த யோசனையே பெருந்தொழிலாகி, டிராய்க்குக் 'காலர் நகரம்' என்ற பெயரைத் தந்தது.

அந்த வெள்ளைக் காலர்களின் பின்னால் பெண்களின் உழைப்பு இருந்தது. கொதிநீருக்கும் சூடான இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில் அவர்கள் நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் நின்றனர். வாரக் கூலி மூன்று, நான்கு டாலர்தான். 1864 பிப்ரவரியில் கேட் முல்லானி என்னும் இளம்பெண்ணின் தலைமையில் சுமார் 300 பெண்கள் சங்கம் கூடி வேலை நிறுத்தம் செய்தனர். ஒரு வாரத்துக்குள் முதலாளிகள் இறங்கி வந்தனர். கூலி நூற்றுக்கு 25 உயர்ந்தது. கூலிக்காக ஒன்றுகூடுவது என்றால் என்ன என்பதைத் தோட்ட மக்களாகிய நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரில் மென்மையான காலருக்குப் பழகிய படைவீரர்கள், ஊர் திரும்பிய பின்னும் அதையே விரும்பினர். காலர் சட்டையோடு சேர்ந்தது. உடனே புதிய தொல்லை ஒன்று முளைத்தது. துவைத்தால் துணி சுருங்கிக் கழுத்தை இறுக்கியது. நெய்யும்போதும் முடிக்கும்போதும் நூல் இழுபட்டிருக்கும். தண்ணீர் பட்டதும் அது தன் பழைய நிலைக்குத் திரும்பும். சுருக்கத்தின் காரணம் இதுவே. அதே டிராய் நகரின் சட்டை நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய சான்ஃபர்டு கிளூயட், துணியை விற்பதற்கு முன்பே சுருக்கிவிடும் முறையை 1930இல் கண்டார். அவர் பெயராலேயே அது 'சான்ஃபரைஸ்டு' எனப்பட்டது. இக்காலத்து இயந்திரங்களில் அந்த வேலையைச் செய்வது தடித்த இரப்பர் பட்டை. அது இழுபட்டுப் பின் தளரும்போது, தன்மேல் ஒட்டியுள்ள ஈரத் துணியையும் சேர்த்துச் சுருக்குகிறது. மரத்தில் வடியும் பாலுக்கும் மேனியில் போடும் சட்டைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

இனித் துணி. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தனர். 'டெரிலின்' என்று நம் பெரியவர்கள் சொன்னது அதைத்தான். அது கசங்காது, விரைவில் காயும், நெடுநாள் உழைக்கும். ஆனால் ஒன்று: பருத்தி தன் எடையில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்தே ஏற்கும், பாலியெஸ்டர் அரைப் பங்குகூட ஏற்காது. நம் வெயிலிலும் புழுக்கத்திலும் பருத்தியே உடலுக்கு இதம். பராமரிப்பு எளிதாக வேண்டுமானால் பருத்தி கூடுதலாகக் கலந்த துணியை எடுக்கலாம்.

துணியைச் சோதிக்கச் சில வழிகள் உண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; நூல்கள் நெருக்கமாகவும் சீராகவும் தெரிய வேண்டும். விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்; வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அந்தத் துணியின் கனம் கஞ்சியின் கனம். வீட்டுக்கு வந்தபின், உள்ளோரத்திலிருந்து ஒரு நூலை எடுத்துப் பெரியவர்கள் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

கடைசியாகப் பொத்தான். பழைய சட்டைகளைத் தலைவழியாகவே போட வேண்டியிருந்தது. முன்பக்கம் முழுவதும் பொத்தான் வைத்த சட்டையை 1871இல் இலண்டனின் பிரவுன் டேவிஸ் நிறுவனம் பதிவு செய்தது. நாள்தோறும் இழுபடுவது பொத்தானே. அது தளர்ந்து ஆடினாலும், பொத்தான் ஓட்டையின் தையலில் இடைவெளி தெரிந்தாலும் அந்தச் சட்டையை வைத்துவிடுங்கள்.

நேயர்களே, கடைக்காரர் சட்டையின் முகத்தை நமக்குக் காட்டுவார். அதன் முதுகையும் உட்புறத்தையும் நாமே திருப்பிப் பார்க்க வேண்டும். வியர்வை சிந்திச் சேர்த்த வெள்ளியைக் கொடுத்து வாங்குகிறோம். இன்னொரு தொழிலாளி கண்விழித்துத் தைத்ததை வாங்குகிறோம். ஒரு தையலையும் பாராமல் வாங்குவது அந்த இரண்டு உழைப்புக்கும் செய்யும் குறையாகும். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, எண்ணிப் பார்க்கவும் தொட்டுப் பார்க்கவும் பழக்குங்கள்.