சான் ஆய்வு நெறிமுறை

தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடியினர் தங்களை ஆராய வருவோருக்கென 2017 மார்ச்சில் கேப் டவுனில் வெளியிட்ட விதித்தொகுப்பு. ஆப்பிரிக்கப் பழங்குடி ஒன்று இவ்வாறு தானே விதி வகுத்ததற்கு இதையே முன்னோடியாகச் சொல்வது வழக்கம்.

ஆய்வாளர்கள் மீது சான் மக்களுக்குள்ள மனக்கசப்பு பழையது. ஹூடியா செடியை மென்று பசியை அடக்கும் அவர்களது அறிவை வைத்துத் தென்னாப்பிரிக்க அரசின் அறிவியல் ஆய்வு மன்றம் காப்புரிமை பெற்றது; பலனில் பங்கு தரும் ஒப்பந்தம் 2003-இல்தான் கைகூடியது. 2010-இல் நமீபியாவைச் சேர்ந்த சான் ஆண்கள் நால்வரின் மரபணுத் தரவுகள் 'நேச்சர்' இதழில் வெளியானபோது, தனிநபர் ஒப்புதல் இருந்தும் சமூகத் தலைவர்களைக் கேட்கவில்லை என்ற புகார் எழுந்தது. கட்டுரையின் சில சொற்களும் அவர்களைப் புண்படுத்தின.

ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த 'டிரஸ்ட்' திட்டத்தின் துணையுடன், சான் தலைவர்கள் பயிலரங்குகளில் கூடி விதிகளை எழுதினர். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறையான நடைமுறை என ஐந்து தலைப்புகள். பொதுச்சொற்கள்தான், ஆனால் உள்ளே இருப்பவை பட்ட அனுபவங்கள். வீட்டுக்குள் புகுந்து படமெடுப்பதும் பாலூட்டும் தாயைப் படமெடுப்பதும் அவமரியாதை எனப் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. ஆய்வாளர் ஜன்னல் வழியாக நுழையாமல் வாசல் வழியாக வரவேண்டும் என்பது தலைவர் ஆண்ட்ரீஸ் ஸ்டீன்காம்பின் கோரிக்கை. வாசல் என்பது சான் மக்களின் சொந்த அமைப்பான சான் மன்றம்: ஆய்வுத் திட்டம் முதலில் அங்கே வரவேண்டும். மீறினால் அந்த நிறுவனத்துக்கு இனி ஒத்துழைப்பு மறுக்கப்படலாம். சட்ட வலு இல்லாத ஆவணத்துக்கு இதுவே பல்.