அந்தியோகியாவின் பந்தியும் மதுரையின் இரண்டு கோவில்களும்





சென்ற வாரம் வேத ஆராய்ச்சிக் கூட்டம் முடிந்தபின், கல்லூரியில் பயிலும் நம் சபை வாலிபர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, இயேசு போதித்தது ஒன்று, அவருக்குப் பின் அப்போஸ்தலரும் சபையும் போதித்தது வேறொன்று என்று சொல்கிறார்களே, அது மெய்தானா?" என்று கேட்டார். அவருக்கு அப்போதே ஏதாவது ஒரு பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இது நேர்மையான கேள்வி, நேர்மையான பதிலுக்குரியது. ஆகவே இந்த வாரம் உங்களையும் அந்தக் கேள்வியோடு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். முதலில் சிரியா நாட்டு அந்தியோகியாவுக்கும், பின்பு நம் மதுரைக்கும் செல்வோம்.

இயேசுவின்மேல் மக்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளுள் ஒன்று அவருடைய பந்தியைப் பற்றியது. ஆயக்காரரோடும் பாவிகள் எனப்பட்டவர்களோடும் அமர்ந்து அவர் உண்டார். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் வேதபாரகர் முறுமுறுப்பது இதற்காகவே. யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதையே அவர் தம் செய்தியின் ஒரு பகுதியாக்கினார்.

அவர் உயிர்த்தெழுந்து இருபது ஆண்டுகள் சென்றிருக்கலாம். அந்தியோகியாவில் யூதரும் புறஜாதியாரும் கிறிஸ்தவர்களாக ஒரே பந்தியில் உண்டார்கள். பேதுருவும் அவர்களோடு உண்டார். ஆனால் எருசலேமில் யாக்கோபிடமிருந்து சிலர் வந்தபோது, அவர் பயந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் அந்த மாயத்தில் இழுப்புண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவைக் கண்டித்தார். இதைக் கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பேதுரு எந்த உபதேசத்தையும் மறுக்கவில்லை. அவருடைய விசுவாச அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவர் இலையை விட்டு எழுந்தார், அவ்வளவே. ஆயினும் சுவிசேஷத்தின் சத்தியத்தையே அவர் விட்டு விலகியதாகப் பவுல் கருதினார்.

சில ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 54, 55 அளவில், கொரிந்து சபையிலும் பந்தி பிளந்தது. வசதியுள்ளவர்கள் முந்தி உண்டார்கள்; இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அவர்களைக் கண்டிக்கும்போது பவுல் தம் சொந்த அதிகாரத்தைக் காட்டவில்லை. காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியில் ஆண்டவர் அப்பத்தை எடுத்துச் சொன்ன வார்த்தைகளை, தாம் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, அவர்களுக்கு நினைப்பூட்டினார். மாற்கு சுவிசேஷம் எழுதப்பட்டது கி.பி. 70ஐ ஒட்டி என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. அப்படியானால், இராப்போஜனத்தில் இயேசு கூறிய வார்த்தைகள் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து, பந்தியைப் பிரித்த ஒரு சபைக்கு எழுதப்பட்ட கண்டனக் கடிதமே. இயேசுவின் செய்திக்கு மாறாகப் பவுல் புதியதொன்றை ஏற்படுத்தினார் என்பவர்கள் இந்த இடத்தை நின்று வாசிக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1606ஆம் ஆண்டு, நாயக்க மன்னர்கள் ஆண்ட மதுரைக்கு இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி வந்தார். இங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துகீசியக் குரு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிறு கோவிலும் பள்ளியும் நடத்திவந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரதவ கிறிஸ்தவர்களும் போர்த்துகீசியருமே அவருடைய மந்தை. உள்ளூரார் அந்த மார்க்கத்தைப் 'பரங்கி மார்க்கம்' என்று அழைத்து ஒதுங்கினர்.

நோபிலி காவி உடுத்தார். மரக்கறி உணவே உண்டார். தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். கடவுளைச் 'சருவேசுரன்' என்று தமிழில் எழுதினார். இது துரோகம் என்று அக்காலத்திலேயே பலர் கூறினர். நான் அப்படி நினைக்கவில்லை. கிறிஸ்துவைப் பின்பற்ற ஒருவன் பரங்கியாக வேண்டியதில்லை என்று நோபிலி மதுரையில் சொன்னதும், புறஜாதியான் யூதனாக வேண்டியதில்லை என்று அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஆலோசனைச் சங்கம் தீர்த்ததும் ஒரே திசையில் செல்பவை. உடையும் சொல்லும் மாறலாம். செய்தி வேரூன்ற அது தேவையும்கூட.

ஆனால் அவர் செய்த இன்னொன்றும் உண்டு. உயர்குலத்தாரை ஈர்க்கும்பொருட்டுப் பெர்னாண்டஸின் இல்லத்தை விட்டுத் தனியே குடியேறினார். பிராமணர் சமைத்த உணவையே உண்டார். பரதவர் வழிபட்ட கோவில் ஒன்று, அவருடைய சீடர் வழிபட்ட கோவில் வேறொன்று என்று ஒரே மதுரையில் ஒரே கிறிஸ்துவுக்கு இரண்டு கோவில்கள் நின்றன.

பூணூலும் குடுமியும் சந்தனமும் ஆகுமா ஆகாதா என்ற வழக்கு 1619இல் கோவாவில் விசாரிக்கப்பட்டு ரோமாபுரிக்குச் சென்றது. 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, சில நிபந்தனைகளோடு அவற்றை அனுமதித்தார். வழக்கின் மையம் பந்தி அன்று. ஆயினும் அதே ஆணையில் அவர், உயர்குலத்தார் எளியவர்களை இகழ வேண்டாம், தேவாலயத்தில் அவர்களைத் தவிர்க்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். நூலுக்கும் குடுமிக்கும் கிடைத்த அனுமதி நடைமுறைக்கு வந்தது. அந்த வேண்டுகோளோ பெரும்பாலும் ஏட்டில் தங்கிற்று. 1640 முதல் ஒடுக்கப்பட்ட மக்களிடையே ஊழியஞ்செய்யப் 'பண்டாரசுவாமிகள்' எனத் தனியாகக் குருமார் ஏற்பட்டார்கள். குருத்துவத்துக்குள்ளேயே பிரிவினையின் சாயல் புகுந்தது.

இதைக் கத்தோலிக்கரின் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனின் சபைகளிலும் சாதி உயிரோடிருந்தது. 1847இல் அந்த மிஷன், சபையார் சாதியை விட்டொழிக்க வேண்டும் என்றும், அதற்கு அடையாளமாக ஒருங்கே உண்ண வேண்டும் என்றும் வற்புறுத்தியது. அப்போது பல உபதேசியார்கள் தங்கள் வேலையையும் சபையையும் விட்டு வெளியேறினார்கள். வேதத்தைப் பிறருக்குக் கற்பித்தவர்கள், பாடம் எல்லாம் அறிந்தவர்கள், ஒரு பந்தியில் இடறினார்கள். பேதுருவும் அங்கேதான் இடறினார்.

அன்பானவர்களே, அந்த வாலிபருக்கு என் பதில் இதுவே. ஆதிச் சபை தன் ஆண்டவரின் செய்திக்கு எப்போதும் உண்மையாய் இருந்ததா? இல்லை. தலைமை அப்போஸ்தலரே தவறினார். ஆயினும் செய்தி தொலைந்துபோனதா? அதுவும் இல்லை. பேதுருவின் தவற்றைச் சபை மறைக்கவில்லை. அதைத் தன் வேதத்திலேயே வைத்து நூற்றாண்டுதோறும் வாசித்துவருகிறது. தன்னைக் குற்றப்படுத்தும் சாட்சியைத் தானே காத்துவைத்த சபையிடம், அந்தச் சாட்சியைக் கொடுத்தவரின் குரல் இன்னும் இருக்கிறது.

ஆகவே அந்தக் கேள்வி முதல் நூற்றாண்டோடு முடியவில்லை. அது நம்மிடம் வந்து நிற்கிறது. நாம் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுகிறோம். மதுரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் எத்தனை சபைகளில் இதைச் சொல்லி மகிழ்கிறோம்! ஆனால் பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது, ஜெபத்துக்கு முன்பாக நாம் கேட்கும் முதல் கேள்வி எது? சபைத் தேர்தலில் நம் கை எந்தப் பெயருக்கு எளிதாக உயருகிறது? நம் நாட்டுக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தவர்களுக்கு நடுவிலும் சுவர் நிற்கிறதே, அதை எழுப்பியவர்களும் விசுவாசப் பிரமாணத்தைப் பிழையின்றிச் சொன்னவர்கள்தாம் அல்லவா?

வருகிற ஞாயிறு திருவிருந்து ஆராதனை. பீடத்தண்டை முழங்காற்படியிடும்போது, உங்கள் வலப்புறமும் இடப்புறமும் இருப்பவர் யார் என்று பாருங்கள். அவர் வீட்டில் நீங்கள் கடைசியாக உண்டது எப்போது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நினைவுக்கு வரவில்லையானால், ஆராதனை முடிந்ததும் அவரை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள்.

ஜெபம்: பாவிகளோடு பந்தியிருந்த ஆண்டவரே, உம்முடைய வார்த்தையை அறிந்தும் உம்முடைய பந்தியைப் பிரித்த எங்களை மன்னியும். பேதுருவைத் திருப்பியதுபோல எங்களையும் திருப்பியருளும். ஆமென்.