ஒமேகா சென்டாரி: ஒரே கொத்தில் பல தலைமுறை விண்மீன்கள்

பால்வழி மண்டலத்தின் கோளக் கொத்துகளில் மிகப் பெரியது ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் பந்தாகத் திரண்டிருக்கின்றன. தமிழ்நாட்டின் கீழ்பென்னாத்தூரில் மே மாத நடுவில் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே பார்த்தால், அடிவானத்துக்கு மேல் சுமார் 30 பாகை உயரத்தில் இருக்கும். விளக்கு வெளிச்சம் படாத வயல்வெளியில் நின்றால், மங்கிய புள்ளியாக வெறுங்கண்ணுக்கே தெரியும். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குக் கிடைக்காத காட்சி இது.

கோளக் கொத்தின் விண்மீன்கள் அனைத்தும் ஒரே வாயு மேகத்தில், ஒரே காலத்தில் பிறந்தவை என்றே நெடுங்காலம் கருதினார்கள். ஒமேகா சென்டாரியில் இரும்பின் அளவு விண்மீனுக்கு விண்மீன் வேறுபடுவது அந்தக் கருத்துக்கு முதலிலேயே இடித்தது. 2004இல் ஹபிள் தொலைநோக்கிப் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு, சூரியனைப் போல ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்களின் வரிசை நீலம், சிவப்பு என இரண்டாகப் பிரிவதைக் காட்டியது. நீல வரிசையில் உலோகம் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) கூடுதல் என்பது மறு ஆண்டு தெரிந்தது. உலோகம் கூடினால் விண்மீன் சிவக்க வேண்டும், இங்கே நீலமாயிருக்கிறது. ஹீலியம் மிகுந்திருந்தால்தான் இது பொருந்தும்.

ஆனால் குளிர்ந்த விண்மீனின் நிறமாலையில் ஹீலியம் எளிதில் கோடு போடாது. அதை எப்படி அளப்பது? இந்தக் கேள்விக்கான விடையில் ஜவ்வாது மலைக்குப் பெரும் பங்கு உண்டு. கீழ்பென்னாத்தூருக்கு வடமேற்கே, அம்மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில், 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பி.பி. ஹேமாவும் கஜேந்திர பாண்டேயும் அதில் இக்கொத்தின் சிவப்புப் பெருமீன்களின் நிறமாலைகளைப் பதிவு செய்தார்கள். சுமார் 30 பாகை உயரமே எட்டும் இந்த இலக்கின் ஒளி, உச்சி வானத்து ஒளியைவிட இரு மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். 2014இல் வெளியான முடிவில் நான்கு விண்மீன்கள் தனித்து நின்றன. மெக்னீசியம் அணுவின் கோடுகள் இயல்பாக இருந்தன. மெக்னீசியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறின் பட்டை மட்டும் மெலிந்தோ மறைந்தோ இருந்தது. மெக்னீசியம் இருக்கிறது, துணை போதவில்லை. ஆக, குறைந்திருப்பது ஹைட்ரஜன். அந்த இடத்தை நிரப்பியிருப்பது ஹீலியம். இவ்வளவு எளிய தர்க்கம் இவ்வளவு தூரம் கொண்டுபோவது வியக்கத்தக்கது.

தென்னாப்பிரிக்காவின் சால்ட் தொலைநோக்கி வழியே அந்த நான்கில் இரண்டு உறுதிப்பட்டன. 2020இல் அளவும் கிடைத்தது: வழக்கமாக 100 ஹைட்ரஜன் அணுவுக்கு 10 ஹீலியம் அணு இருக்கும், இவற்றில் ஒன்றில் 15, மற்றதில் 20. நீல வரிசைக்குக் கணித்த ஹீலிய அளவோடு இது ஒத்துப்போகிறது.

கூடுதல் ஹீலியத்தோடு சோடியமும் நைட்ரஜனும் ஏறி, ஆக்சிஜனும் கார்பனும் இறங்குவது பெரிய கோளக் கொத்துகள் பலவற்றின் பொது அடையாளம். மிகு வெப்பத்தில் ஹைட்ரஜன் எரிந்த சாம்பல் அடுத்த தலைமுறையின் வாயுவில் கலந்ததன் தடம் அது. சாம்பலைத் தந்தவை முதிர்ந்த நடுத்தர நிறைப் பெருமீன்களா, வேகமாகச் சுழன்ற பெருநிறை விண்மீன்களா என்ற வழக்கு தீரவில்லை. எந்தத் தரப்பின் கணக்கிலும், இன்று காணும் இரண்டாம் தலைமுறைக்குப் போதுமான வாயு சேர மறுக்கிறது. ஒமேகா சென்டாரி இரும்பையும் தக்கவைத்து, அதன் அளவு விண்மீனுக்கு விண்மீன் வேறுபடுவதற்கு, அது பால்வழி விழுங்கிய ஒரு குறுவிண்மீன் மண்டலத்தின் மையக்கரு என்பதே இப்போது வலுவான விளக்கம்.