டிடிஎச் டிஷ்ஷில் விண்வெளி ரேடியோ: மதுக்கரை மொட்டை மாடியில் என்னென்ன வேணும்?

கோவை மதுக்கரை பக்கம் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும், மொட்டை மாடி டிடிஎச் டிஷ்கள் எல்லாம் கிழக்கு, தென்கிழக்குப் பக்கம்தான் பார்க்கும். ஒரு டிஷ்ஷை மட்டும் அப்படியே மேற்கே, பாலக்காட்டுக் கணவாய் பக்கம் திருப்பினால் என்ன கிடைக்கும்? டிவி சேனல் இல்லை. பிரேசில், ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அரபு நாடுகள், தாய்லாந்து வரை உள்ள அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அதாவது ‘ஹாம்’கள், ஒருவரோடு ஒருவர் பேசும் குரல் கிடைக்கும். செல்போன் டவரோ, இன்டர்நெட்டோ நடுவில் தேவையில்லை.

கேட்பது சுலபம். பேசுவதில்தான் சட்டமும் இருக்கிறது, சூட்சுமமும் இருக்கிறது.

எந்த செயற்கைக்கோள்?

கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2. 2018 நவம்பர் 15-ம் தேதி ஃபால்கன்-9 ராக்கெட்டில் போனது. அடிப்படையில் இது டிவி ஒளிபரப்புக்கான செயற்கைக்கோள். அதற்குள் ஹாம்களுக்காகத் தனியாக இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் வைத்திருக்கிறார்கள். கத்தார் அமெச்சூர் ரேடியோ சங்கமும், ஜெர்மனியின் ஆம்சாட்-டிஎல் அமைப்பும் இதன் பின்னணியில் உள்ளன. 2019 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஹாம்கள் வைத்த பெயர் கியூஓ-100.

இந்தியாவுக்கு இது புதுசு இல்லை. 2005 மே 5-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில், கார்ட்டோசாட்-1 உடன் நம்ம ஹாம்சாட் செயற்கைக்கோளும் போனது. எடை வெறும் 42.5 கிலோ. 2014 வரை உழைத்தது. ஆனால் அது பூமியைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்த செயற்கைக்கோள். தலைக்கு மேல் வந்தால் கால் மணி நேரத்துக்குள் பேசி முடித்தாக வேண்டும். ஆன்டெனாவையும் கூடவே திருப்ப வேண்டும். கியூஓ-100 அப்படி இல்லை. புவிநிலை வட்டப்பாதையில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். ஹாம்களுக்கு அப்படிக் கிடைத்த முதல் செயற்கைக்கோள் இதுதான். டிஷ்ஷை ஒரு தடவை சரியாகத் திருப்பி போல்ட்டை முறுக்கினால் வேலை முடிந்தது.

மதுக்கரையில் எந்தப் பக்கம் திருப்புவது?

எஸ்ஹெயில்-2 இருப்பது கிழக்கு தீர்க்கரேகை சுமார் 26 டிகிரியில். மதுக்கரை இருப்பது கிட்டத்தட்ட 77 டிகிரியில். கணக்குப் போட்டால், வடக்கில் இருந்து சுமார் 261 டிகிரி, அதாவது நேர் மேற்கில் இருந்து கொஞ்சம் தெற்கே தள்ளிப் பார்க்க வேண்டும். தரைமட்டத்தில் இருந்து உயரக் கோணம் சுமார் 30 டிகிரி.

இந்தக் கோணம் முக்கியம். டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரமான தென்னை மரம் மேற்கே இருந்தால், அது குறைந்தது 17 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாடிக்கும் இதே கணக்குதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண ஆஃப்செட் டிஷ் இந்தக் கோணத்தில் கிட்டத்தட்ட சுவர் மாதிரி நேராக நிற்கும். முகமோ மேற்கே. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக அதன் முகத்திலேயே அறையும். டிவி டிஷ்ஷுக்குப் போடும் ஒல்லிக் குழாய் இங்கே தாங்காது. கனமான இரும்புக் குழாய், கான்கிரீட்டில் பதித்த போல்ட் வேணும். லேத் பட்டறைக்குக் கோவையில் பஞ்சமா என்ன!

கேட்பதற்கு என்ன வேணும்?

செயற்கைக்கோள் கீழே அனுப்பும் குரல் 10,489.5 முதல் 10,490 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. டிவி எல்என்பிகள் வேலை செய்யும் பகுதிக்கு இது ரொம்பப் பக்கம். அதனால் 80 அல்லது 90 சென்டிமீட்டர் டிஷ், ஒரு எல்என்பி, யுஎஸ்பி எஸ்டிஆர் டாங்கிள், லேப்டாப் இருந்தால் போதும்.

எல்என்பி வாங்கும்போது அதன் மேல் 9.75 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் சிக்னல் 740 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி வரும், டாங்கிள் பிடித்துக்கொள்ளும். 10.6 மட்டும் போட்ட எல்என்பி இதற்கு ஆகாது.

எல்என்பிக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் போக வேண்டும். அதற்கு ‘பயஸ் டீ’ என்ற சின்னக் கருவி. அதை விட்டுவிட்டு நேராக இணைத்தால் டாங்கிள் கருகிவிடும்.

நிறைய பேர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோள் ‘செங்குத்து’ அலையாகத்தான் குரலை அனுப்புகிறது. ஐரோப்பியர்கள் எழுதிய வழிகாட்டியைப் பார்த்து 13 வோல்ட் கொடுப்பார்கள், மதுக்கரையில் ஒன்றும் கேட்காது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்து, மேற்கே தள்ளி நிற்கும் செயற்கைக்கோளைப் பார்க்கிறோம். அதனால் அந்தச் செங்குத்து அலை நமக்குக் கிட்டத்தட்ட படுக்கையாகத் தெரியும். ஒன்று, எல்என்பியைச் சுமார் 75 டிகிரி திருகி வைக்க வேண்டும். இல்லையென்றால் திருகாமல் அப்படியே வைத்து 18 வோல்ட் கொடுக்கலாம். இரண்டாவது வழியில் இழப்பு ரொம்பக் குறைவு.

மலிவு எல்என்பியில் வெயில் ஏற ஏற அலைவரிசை நகரும். 10 கிகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். ஒருவர் பேசும் அகலமே 3 கிலோஹெர்ட்ஸுக்குள்தான். செயற்கைக்கோள் எப்போதும் அனுப்பும் பீக்கன் சிக்னலை அடையாளமாக வைத்து மென்பொருளே இதைச் சரிசெய்துகொள்ளும்.

பேசுவதற்கு?

மேலே அனுப்ப வேண்டியது 2,400 மெகாஹெர்ட்ஸ் பகுதியில். அதோடு 8,089.5 கூட்டினால், உங்கள் குரல் கீழே எங்கே வரும் என்பது தெரிந்துவிடும். அதே டிஷ்ஷின் குவியத்தில், அனுப்பவும் வாங்கவும் சேர்ந்த ‘ஃபீட்’ பொருத்துவது வழக்கம். செயற்கைக்கோளுக்கு வலப்பக்கம் சுழலும் அலை போக வேண்டும். டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது சுழற்சி மாறிவிடும் என்பதால், ஃபீட் இடப்பக்கச் சுழற்சியில் இருக்க வேண்டும்.

சக்தி? ஐந்து வாட் பக்கம் போதும். எல்இடி பல்பு அளவுக்கு! கிட்டத்தட்ட 38,500 கிலோமீட்டர் மேலே போய், கால் விநாடி கழித்து உங்கள் குரல் உங்களுக்கே திரும்பிக் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பேச வேண்டும் என்பது இங்கே விதி. பீக்கனைவிட சத்தமாக யாராவது அனுப்பினால், மற்றவர்களின் சிக்னல் அமுங்கும். அப்போது ‘லைலா’ என்ற கண்காணிப்பு அமைப்பு அவர் அலைவரிசையிலேயே சைரன் ஒலியைப் போட்டுவிடும். உலகமே கேட்கும்.

ஐந்து வாட்தானே என்று, அனுப்பும்போது டிஷ் முன்னால் முகத்தைக் காட்டக் கூடாது. அங்கே அலை குவிந்து வரும்.

லைசென்ஸ் இல்லாமல் பேசலாமா?

கூடாது. வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தானே, அதற்கு லைசென்ஸ் கேட்பதில்லையே என்று சிலர் கேட்பார்கள். வைஃபைக்கான விலக்கு, ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 4 வாட் வரைதான். 80 சென்டிமீட்டர் டிஷ்ஷில் ஐந்து வாட் கொடுத்தால் அந்தக் கணக்கு ஆயிரம் வாட்டைத் தாண்டும்.

12 வயது நிரம்பியவர்கள் அமெச்சூர் லைசென்ஸ் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரண்டு நிலைகள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு லைசென்ஸ் தருகிறது. விண்ணப்பம் ‘சரல் சஞ்சார்’ தளத்தில். லைசென்ஸ் கைக்கு வந்ததும், அதில் எந்தெந்த அலைவரிசைக்கு அனுமதி எழுதியிருக்கிறது, எத்தனை வாட் என்று பார்த்த பிறகே டிரான்ஸ்மிட்டரை இணைக்க வேண்டும். ஒரு நிலைக்கு உள்ள அனுமதி இன்னொன்றுக்கு இருக்காது.

இத்தனை மெனக்கெடல் எதுக்கு?

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி துண்டித்தது. அப்போது போர்ட் பிளேரில் ஹாம் நிகழ்ச்சிக்காக முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் குழுவினர், தங்கள் ரேடியோ வழியாகத்தான் தகவல்களை வெளியே அனுப்பினர். நிலையமும், அதை இயக்கத் தெரிந்த ஆளும் முன்கூட்டியே தயாராக இருந்ததால்தான் அது நடந்தது. கியூஓ-100-லும் அவசரத் தகவலுக்கென்று ஓர் அலைவரிசை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

டிஷ் வாங்கும் முன் சும்மா கேட்டுப் பார்க்க ஆசையா? இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் வைத்துள்ள ரிசீவரை இன்டர்நெட் வழியாக யாரும் திறந்து கேட்கலாம். செல்போன் பிரவுசரே போதும், லைசென்ஸ் வேண்டாம். விஎன்று தொடங்கி, யு, 2 அல்லது 3 என்று அழைப்புக்குறி கேட்டால், பேசுவது இந்தியர்.