எச்.ஐ.வி. தொற்றின் தொடக்க காலம்

எய்ட்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற வியாதியைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர் ஐவரைக் குறித்து, 1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் வெளியாயிற்று; எனினும் அதற்குக் காரணமான எச்.ஐ.வி. என்னும் வைரஸ், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே மத்திய ஆப்பிரிக்க ஜனசமூகத்தில் எவர் கவனத்துக்கும் வராமல் பரவிவந்தது என்பதே விஞ்ஞானிகளின் முடிவு. தொற்றியவர் உடலில் பல்லாண்டுகள் குறி காட்டாமல் தங்கி, இறுதியில் காசம், வயிற்றுப்போக்கு முதலிய பழகிய நோய்களின் உருவத்திலேயே உயிரைக் கவர்வது அதன் இயல்பாதலால், வைத்தியசாலைப் பதிவேடுகளைக் கொண்டு அதன் ஆரம்பத்தைக் காண இயலாது. வைரஸின் மரபணுவே இங்குச் சாட்சி.

பெருகுந்தோறும் அதன் மரபணுத் தொடரில் பிழைகள் ஏறக்குறைய சீரான வேகத்தில் சேர்கின்றன. ஆகவே, எடுத்த ஆண்டு தெரிந்த மாதிரிகளை ஒப்பிட்டு, அவற்றிடையேயுள்ள வேற்றுமையை ஆண்டுக் கணக்காக மாற்றினால், வம்சவிருட்சத்தின் கிளைகள் ஒன்றுகூடும் மூலத்தின் காலத்தை அனுமானிக்கலாம்.

உலகத் தொற்றின் பெரும்பகுதிக்குக் காரணமான ‘எம்’ பிரிவின் மூலத்தை, பெட் கோர்பர் குழுவினர் 2000இல் இம்முறையால் 1931 என்று மதிப்பிட்டனர். அக்கணக்கைத் திருத்தியவை பழைய லியோபோல்ட்வில், அதாவது இன்றைய கின்ஷாசா, நகரில் வேறு நோக்கங்களுக்காக எடுத்துவைக்கப்பட்ட இரண்டு மாதிரிகள்: ஒன்று 1959இல் ஓர் ஆடவரிடம் எடுத்த இரத்தம், மற்றொன்று 1960இல் ஒரு பெண்மணியிடம் எடுத்து மெழுகில் பதித்துவைத்த நிணநீர்க்கணுத் துண்டு. ஒரே நகரத்தில் ஓராண்டு இடைவெளியில் கிடைத்த இவ்விரு வைரஸ்களும் ஏறத்தாழ 12 விழுக்காடு வேறுபட்டிருந்தமை, அவற்றின் பொது மூதாதை அதற்குப் பல்லாண்டுகள் முந்தியது என்பதை ஐயமற விளக்கிற்று. மைக்கேல் வொரோபி குழுவினர் 2008இல் அதனை 1908 என்றனர். 1884க்கும் 1924க்கும் இடைப்பட்டது என்ற எல்லையும் வகுத்தனர். இத்தகைய மதிப்பீட்டில் தனி ஆண்டைக் காட்டிலும் எல்லையே மெய்யான விடை என்பதை வாசகர் மறத்தலாகாது. 2014இல் வெளியான ஆய்வு, பரவலின் மையம் கின்ஷாசா என்றும், காலம் 1920ஐ ஒட்டியது என்றும் கண்டு, 1940களின் இறுதியில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்நகர் வழியே பிரயாணம் செய்த ரயில் பாதைகளைப் பரவலின் முக்கிய காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது.

எஞ்சிய கிளைகளின் பொது மூதாதையின் காலமும், மனிதனை வைரஸ் முதன்முதல் தொற்றிய காலமும் ஒன்றல்ல. சந்ததியின்றி அறுந்துபோன சங்கிலிகள் தடயம் விடுவதில்லை. ‘எம்’ பிரிவுக்கு மிக நெருங்கிய வைரஸ் தென்கிழக்குக் கமரூன் காட்டுச் சிம்பன்சிகளிடம் காணப்படுகிறது. அவற்றிடமிருந்து மனிதரைத் தொற்றி, லியோபோல்ட்வில்லை அடையும்வரை கழிந்த காலத்தை இக்கணக்கு அளக்காது.