குட்டி எலிக்கு மூப்பு வந்தது: க்ளோத்தோ பிறந்த கதை

எலிக்கு ரத்தக் கொதிப்பு வரவழைப்பதுதான் மகோட்டோ குரோ-ஓவின் திட்டம். ஜப்பானில் இதய மருத்துவம் படித்தவர் அவர். உப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள உறவை ஆராய, சோடியத்தைச் செல்லுக்குள் இழுக்கும் ஒரு புரதத்தின் மரபணுவைக் கருவுற்ற எலி முட்டைகளில் செலுத்தி, அதிலிருந்து எலி வம்சங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. செலுத்திய மரபணு எலியின் மரபுத்தொகுதியில் எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்பது ஆய்வாளர் கையில் இல்லை. பெரும்பாலும் யாருக்கும் தொந்தரவில்லாத ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வம்சத்தில் மட்டும் அது வேறொரு மரபணுவின் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ ஒரு பிரதி மட்டும் பழுதான எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரு வழியிலும் பழுதைப் பெற்ற குட்டிகளின் கதை வேறு. மூன்று வாரம் மற்ற குட்டிகளைப் போலவே ஓடியாடின. பிறகு வளர்ச்சி நின்றது. முதுகு கூனியது, தோல் மெலிந்தது, எலும்பு வலுவிழந்தது, நுரையீரல் நைந்தது, ரத்தக் குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்புச்சத்து படிந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் வாழ வேண்டிய எலிகள் சராசரியாக இரண்டே மாதத்தில் செத்தன.

ரத்தக் கொதிப்பில் மட்டுமே கண்ணாக இருந்த ஒருவர் இந்த வம்சத்தைத் தூக்கிப்போட்டிருப்பார். குரோ-ஓ ரத்தக் கொதிப்பைத்தான் ஓரம் கட்டினார். ஒரு நரம்பியல் ஆய்வு நிறுவனத்தில் யோ-இச்சி நபேஷிமாவின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அடைபட்ட அந்த மரபணு எது என்று தேடிக் கண்டுபிடித்தார். 1997 நவம்பரில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. மனிதரின் ஆயுள் நூலை நூற்பதாகக் கிரேக்கர்கள் நம்பிய தேவதையின் பெயரை மரபணுவுக்குச் சூட்டினார்கள்: க்ளோத்தோ.

அழகான பெயர்தான். ஆனால் அந்தப் பெயரே பல ஆண்டுகளுக்குக் கவனத்தைத் திசை திருப்பிவிட்டது என்பது என் எண்ணம். 'முதுமையைத் தடுக்கும் மரபணு' என்று பத்திரிகைகள் கொண்டாடின. க்ளோத்தோ கூடுதலாகச் சுரக்கும் எலிகள் நீண்ட நாள் வாழ்ந்தன என்று 2005இல் குரோ-ஓ குழுவே 'சயன்ஸ்' இதழில் எழுதியதும் கொண்டாட்டம் இரட்டிப்பானது. முதல் கட்டுரையிலேயே இருந்த ஒரு தகவல் பொதுப் பேச்சில் எடுபடவில்லை. உடம்பில் இந்த மரபணு மிக அதிகமாக வேலை செய்யும் இடம் சிறுநீரகம். ஆயுளை அளக்கும் புரதத்துக்குச் சிறுநீரகத்தில் என்ன வேலை?

விடை எலும்பிலிருந்து வந்தது. பரம்பரையாக வரும் ஒருவகை எலும்பு நோயில், உடம்பில் இருக்கவேண்டிய பாஸ்பேட் எல்லாம் சிறுநீரில் போய்விடும். எலும்பு மெழுகாக வளையும். அந்தக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 2000இல் எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனின் மரபணுவில் கோளாறைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானின் கிரின் நிறுவன ஆய்வாளர்கள், அதேபோன்ற எலும்புநோயை உண்டாக்கும் கட்டிகளும் இதே ஹார்மோனைத்தான் அளவுமீறிச் சுரக்கின்றன என்று காட்டினார்கள். (ஆம், பீர் காய்ச்சும் அதே கிரின்தான். அதன் மருந்துப் பிரிவின் கைங்கரியம் இது.) எஃப்ஜிஎஃப்23 எலும்புச் செல்களில் சுரக்கிறது. சாப்பாட்டில் பாஸ்பேட் மிஞ்சினால், 'வெளியே தள்ளு' என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதன் பணி. சிறுநீரகத்தின் வடிகட்டிகளைத் தாண்டி வரும் பாஸ்பேட்டில் பெரும்பகுதியை, அவற்றை அடுத்துள்ள நுண்குழாய்களின் சுவரில் இருக்கும் குழாய்ச் செல்கள் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிவிடும். இதற்கென்று அந்தச் செல்களின் மேற்பரப்பில் பாஸ்பேட் கடத்திப் புரதங்கள் உண்டு. எஃப்ஜிஎஃப்23 வந்தால் அவை மேற்பரப்பிலிருந்து விலக்கப்படும்; பாஸ்பேட் சிறுநீரோடு போகும்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். எஃப்ஜிஎஃப்23 இல்லாத எலிகளை கிரின் குழுவினர் உருவாக்கி 2004இல் விவரித்தார்கள். ரத்தத்தில் பாஸ்பேட் கூடியிருந்தது, வைட்டமின் டி எல்லை மீறியிருந்தது, வளர்ச்சி குன்றியது, ஆயுள் சில வாரங்கள். குரோ-ஓவின் எலிகளை அறிந்த எவருக்கும் இது பார்த்த முகமாகத் தெரிந்திருக்கும். ஒன்று ஹார்மோன் இல்லாத எலி, மற்றது க்ளோத்தோ இல்லாத எலி. இரண்டுக்கும் ஒரே நோய். அப்படியானால் இரண்டும் ஒரே வழியில்தான் வேலை செய்ய வேண்டும். 2006இல் முடிச்சு அவிழ்ந்தது. எஃப்ஜிஎஃப்23 தனியாகச் செல்லின் ஏற்பியில் சரியாக ஒட்டாது. ஏற்பியோடு க்ளோத்தோவும் சேர்ந்து நின்றால்தான் ஒட்டும், செய்தி உள்ளே போகும். குரோ-ஓ அப்போது அமெரிக்காவின் டல்லாஸில் இருந்தார். அவர் குழுவும் ஜப்பானில் கிரின் குழுவும் ஒரே ஆண்டில் இந்த முடிவுக்கு வந்தன. க்ளோத்தோ இல்லாத எலிகளின் ரத்தத்தில் எஃப்ஜிஎஃப்23 குவிந்து கிடந்தது. எலும்பு கத்திக்கொண்டே இருந்தது. சிறுநீரகத்துக்குக் காது இல்லை.

அந்த எலிகளுக்கு பாஸ்பேட் குறைந்த தீனி கொடுத்தால் மூப்பின் பல அடையாளங்கள் தணிந்தன. 'முதுமை' என்று பெயரிட்டதில் பெரும்பங்கு பாஸ்பேட் நஞ்சு. 2014இல் வந்த இன்னொரு ஆய்வில், எலிகளின் சிறுநீரகத்தில் மட்டும் க்ளோத்தோவை நீக்கிப் பார்த்தார்கள். உடம்பு முழுக்க அதை இழந்த எலிகளுக்கு வந்த அதே கோளாறுகள் வந்தன.

இங்கே சிறுநீரில் போகும் புரதம் கதைக்குள் வருகிறது. சிறுநீரக நோயின் மிகப் பழைய அடையாளம் அது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடம்பு வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்தியில் காய்ச்சினார். முட்டை வெள்ளைக்கரு போல அது உறைந்தது. இறந்தவர்களின் சிறுநீரகங்களில் காணும் சிதைவோடு அதை முடிச்சுப்போட்டு 1827இல் புத்தகமாக்கினார். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சிறுநீர்ப் புரதம் வெறும் அறிகுறிதான்: வடிகட்டி கிழிந்திருக்கிறது என்ற தகவல், அவ்வளவே. கிழிசல் வழியாகப் போகும் புரதமே குழாய்ச் செல்களைக் கெடுக்கிறது என்று 1990களில் உரக்கச் சொன்னவர்களில் இத்தாலியின் பெர்காமோவைச் சேர்ந்த ஜூசெப்பே ரெமுஸ்ஸி முக்கியமானவர். தம்மிடம் வந்து சேரும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை அள்ளி விழுங்குவது குழாய்ச் செல்களின் வழக்கம். கொஞ்சம் வந்தால் சமாளிக்கும். கிராம் கணக்கில் வந்தால் திணறும். அழற்சியும் தழும்பும் தொடரும்.

திணறும் செல் ஹார்மோன் சொல்வதைக் கேட்குமா? 2015இல் சோஃபி டி செய்னோ என்ற ஜெனீவா சிறுநீரக ஆய்வாளரும் பாரிஸ் சகாக்களும் இந்தக் கேள்வியைத் தொட்டார்கள். நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளில், சிறுநீரில் புரதம் அதிகம் போகிறவர்களுக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டும் கூடுதலாக இருந்தது. வடிகட்டும் திறனைக் கணக்கில் கழித்த பின்னும் இந்த உறவு நின்றது. வேண்டுமென்றே புரதம் ஒழுகவைத்த எலிகளில் காரணம் தெரிந்தது: எஃப்ஜிஎஃப்23 ரத்தத்தில் உயர்ந்திருந்தும், பாஸ்பேட் கடத்திகள் குழாய்ச் செல்களில் குறையவில்லை. சிறுநீரகத்தில் க்ளோத்தோ இறங்கிப்போயிருந்தது.

மாட்ரிட் ஆய்வாளர்கள் குழாய்ச் செல்களை வளர்த்து அவற்றின்மீது ஆல்புமினை ஊற்றினார்கள். அங்கும் க்ளோத்தோ குறைந்தது. எப்படிக் குறைகிறது என்பதற்கு ஜெனீவா குழு 2020இல் ஒரு வழியைச் சொன்னது. விழுங்கிய புரதத்தின் சுமையில், செல்லுக்குள் புரதங்களை மடித்து உருவாக்கும் எண்டோபிளாச வலை நெருக்கடிக்கு ஆளாகிறது. அந்த நெருக்கடியில் ஏடிஎஃப்3 என்ற காரணி எழும்பி, க்ளோத்தோ மரபணுவை அமுக்குகிறது. நெருக்கடியைத் தணிக்கும் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது க்ளோத்தோ மீண்டது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். க்ளோத்தோவைக் குறைப்பது ஆல்புமின் மட்டுமல்ல. அழற்சியும் அதைக் குறைக்கும், வேலை செய்யும் திசு அழிந்தாலும் குறையும். மேலே சொன்னதில் பாதி எலியிலும் கண்ணாடித் தட்டிலும் கண்டது. மனிதரிடம் கண்டது உறவு. காரணம் என்று அடித்துச் சொல்ல அது போதாது. இருந்தாலும் ஒழுங்காகக் கோத்துப் பார்த்தால் கதை நேராகத்தான் ஓடுகிறது. வடிகட்டி ஒழுகுகிறது, குழாய்ச் செல் திணறுகிறது, க்ளோத்தோ குறைகிறது, எலும்பின் ஆணை சிறுநீரகத்தில் ஏறுவதில்லை, பாஸ்பேட் ரத்தத்தில் தங்குகிறது, ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பாகப் படிகிறது. சிறுநீரக நோயாளிகள் பலர் டயாலிசிஸ் நிலைக்குப் போகுமுன்பே மாரடைப்பிலும் இதயச் செயலிழப்பிலும் இறப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

எஃப்ஜிஎஃப்23 அளவுமீறும் பரம்பரை எலும்புநோய்க்கு, அந்த ஹார்மோனைப் பிடித்து அடக்கும் புரோசுமாப் ஊசி 2018இல் அனுமதி பெற்றது. க்ளோத்தோவை ஏற்றும் மருந்து எதுவும் இன்னும் அப்படி அனுமதி பெறவில்லை. 'க்ளோத்தோ பூஸ்டர்' என்று இணையத்தில் விற்கும் மாத்திரைகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். புரத ஒழுக்கைக் குறைக்கும் மருந்துகளோ பழகியவை: ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள், அவற்றுக்குப் பின் வந்த டாபாகிளிஃப்லோசின் வகை. எது, எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு.

சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினைத் தாண்டினால், 'ரத்தத்தில் கிரியாட்டினின் நார்மல்தானே' என்று ரிப்போர்ட்டை மடித்து வைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.