சக்குபாய் ராமச்சந்திரன்

இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர். 1952இல் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1903இல் வேப்பேரியில் தொடங்கிய அக்கல்லூரி, 1935இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

மாட்டு வைத்தியத்துக்கு உடல்வலிமை வேண்டும், அது ஆண்களின் வேலை என்ற எண்ணம் அக்காலத்தில் ஊறிப்போயிருந்தது. உண்மையில், கன்று குறுக்கே கிடந்து பசு ஈன முடியாமல் தவிக்கையில், தோள்வரை கையை உள்ளே விட்டு, மடங்கிய காலைத் தடவிப் பிடித்து நேராக்குவதற்குத் தேவை நிதானமும் கைப்பக்குவமுமே. தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் போன்ற ஊர்களில் பால்மாட்டின் மடி வீங்கியதையும் தீனி எடுக்காததையும் முதலில் கண்டுகொள்பவர்கள் வீட்டுப் பெண்கள்தாம். அந்த அறிவுக்குப் பட்டம் கிடைக்க இத்தனை காலம் ஆனது வேதனைக்குரியது.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு நிறமும் சேர்ந்து தடையானது. ஜேன் ஹின்டன், ஆல்பிரெடா ஜான்சன் வெப் இருவரும் 1949இல்தான் அங்கே முதன்முதலாகக் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றனர். ஹின்டன் அதற்கு முன்பே ஆய்வகத்தில் தேர்ந்தவர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் வீரியத்தைச் சோதிக்க இன்றும் பயன்படும் முல்லர்-ஹின்டன் வளர்ப்பூடகம், 1941இல் ஜான் முல்லருடன் சேர்ந்து அவர் உருவாக்கியது. பட்டம் பெற்றபின் மாசசூசெட்ஸில் சிறுபிராணிகளுக்கு வைத்தியம் பார்த்தார்.